பழைய லாப்டாப்பைப் பரணில் போடாதீர்கள்!

பிள்ளை காலேஜில் சேர்ந்தபோது வாங்கிய லாப்டாப். இப்போது அதற்கு எட்டு, பத்து வயதாகிவிட்டது. ஸ்விட்சைப் போட்டுவிட்டு, பாலைக் காய்ச்சி, காப்பி கலந்து, குடித்து முடித்து வந்து பார்த்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கிறது. "இது தேறாதும்மா, புதுசா ஒண்ணு வாங்கிடுங்க" என்கிறார் கடைக்காரர். வீட்டில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். விலையைக் கேட்டதும் உங்களுக்குத்தான் தலை சுற்றுகிறது!

அவசரப்படாதீர்கள், சகோதரிகளே! பத்து வயது லாப்டாப்பில் மூளை அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். சோர்ந்து போனது வேறு ஒரு பாகம். அதை மட்டும் மாற்றினால் இன்னும் சில வருஷம் ஓடும். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு ஊசி மாற்றத் தெரிந்த கைக்கு இது பெரிய வித்தையில்லை.

வியாதி எங்கே?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' என்ற கட்டம் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பகுதிக்குப் போனால், எந்தப் பாகம் எவ்வளவு திணறுகிறது என்று தெரியும். நீங்கள் எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும்போதும் 'டிஸ்க்' என்பது 100 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறதா? வியாதி ஹார்ட் டிஸ்க்கில்தான்.

ஹார்ட் டிஸ்க் என்பது நம் வீட்டு ஸ்டோர் ரூம் மாதிரி. உள்ளே கிராமபோன் இசைத்தட்டுப் போல ஒரு தட்டு, நிமிஷத்துக்கு 5400 தடவை சுழல்கிறது. ஒரு சின்னக் கை அங்குமிங்கும் ஓடி, கேட்டதைத் தேடி எடுக்கிறது. தேடுவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடுகிறது. இதற்குப் பதிலாக வந்திருப்பது எஸ்.எஸ்.டி. இதில் சுழலும் தட்டுமில்லை, ஓடும் கையுமில்லை, எல்லாம் சில்லுதான். தூங்கி வழிந்த லாப்டாப் அரை நிமிஷத்தில் எழுந்து நிற்பதைப் பார்த்தால் நம்பவே மாட்டீர்கள்.

'மெமரி' எனப்படும் ராம் வேறு சங்கதி. அது சமையல் மேடை. 4 ஜி.பி. என்றால் மேடை சின்னது. இரண்டு பாத்திரம் வைத்தாலே இடமில்லை. 8 ஜி.பி. இருந்தால் வீட்டு உபயோகத்துக்குத் தாராளம். ஆனால் 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால், 4 ஜி.பி.க்கு மேல் சேர்த்தும் பிரயோஜனமில்லை. கையில் காசு குறைவா? முதலில் எஸ்.எஸ்.டி.யை மாற்றுங்கள். ராம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது கவனிக்க

லாப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். பழைய லாப்டாப்களில் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா வகை எஸ்.எஸ்.டி.தான் பொருந்தும். குச்சி மாதிரி இருக்கும் எம்.2 வகையை, உங்கள் மாடலில் அதற்கு இடமிருக்கிறது என்று தெரியாமல் வாங்காதீர்கள். ராமில் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று வகைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஏறாது. நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். டி.டி.ஆர்.3-லேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என இரண்டு ரகம். பழைய குச்சியைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவதே உத்தமம். ராம் விலை தங்கம் மாதிரி ஏறும், இறங்கும். இரண்டு கடையில் விசாரியுங்கள். சில மெல்லிய மாடல்களில் ராமைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். அதை மாற்ற முடியாது.

முதலில் படங்களைக் காப்பாற்றுங்கள்

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள், மெதுவாகிவிட்டதென்று லாப்டாப்பை ஒரு கடையில் கொடுத்தார். வேகமாக்கித் தந்தார்கள், வாஸ்தவம். ஆனால் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டார்கள். காலமான கணவரின் கடைசி வருஷத்துப் படங்கள் முழுவதும் போயின. "காசு போனா சம்பாதிச்சுக்கலாம்மா. அவர் முகம் போச்சே!" என்றார். என்ன பதில் சொல்ல?

ஆகவே, எதையும் தொடுவதற்கு முன் படங்கள், சான்றிதழ்கள், கணக்குகள் எல்லாவற்றையும் வேறு ஒன்றில் பிரதி எடுத்துவிடுங்கள். எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். நீங்களே மாற்றுவதில் பெரிய அனுகூலம், பழைய டிஸ்க் வீட்டை விட்டு வெளியே போகாது. அதை அழிக்காமல் கழற்றி வைத்தால், ஏதாவது விட்டுப்போயிருந்தாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

செய்முறை

1. லாப்டாப்பை முழுவதும் அணைத்து, சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி தனியாக வருமானால் கழற்றுங்கள். உள்ளேயே பொருத்தியதானால், மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பை மெதுவாக விடுவியுங்கள். பிறகு பவர் பொத்தானைப் பத்து, பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமுள்ள மின்சாரம் இறங்கிவிடும்.

2. சுத்தமான மேஜைமேல் பருத்தித் துணி விரித்து வேலை செய்யுங்கள். பட்டும் நைலானும் உடுத்திக்கொண்டு உட்காராதீர்கள். தொடங்குமுன் ஏதாவது ஓர் உலோகப் பொருளைத் தொட்டுவிடுங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் சில்லுகளுக்கு ஆகாது.

3. சின்ன ஸ்டார் முனை ஸ்குரூ டிரைவரால் அடி மூடியைக் கழற்றுங்கள். திருகாணிகள் ஒரே நீளம் இருக்காது. கழற்றிய இடவாரியாக ஓர் இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வைத்தால் குழப்பமில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. டிஸ்க்கைப் பிடித்திருக்கும் திருகாணிகளை எடுத்து, இணைப்பிலிருந்து பக்கவாட்டில் இழுங்கள், மேலே தூக்காதீர்கள். சுற்றியுள்ள தகரச் சட்டத்தைக் கழற்றிப் புதியதில் மாட்டி, அதே வழியில் தள்ளிப் பொருத்துங்கள்.

5. ராமின் இரு பக்கக் கொக்கிகளை வெளிப்புறமாக விலக்கினால், குச்சி தானே சாய்வாக எழும்பும். புதியதை அதே சாய்வில் செருகி, 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். தங்கநிறப் பற்களில் விரல் படக்கூடாது.

6. திறந்ததோடு காற்றாடியிலுள்ள தூசியையும் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். காற்றாடி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

புதுக்குடித்தனம்

எஸ்.எஸ்.டி. காலி வீடு. இதில் விண்டோஸோ வேறொன்றோ குடியேற வேண்டும். அதற்கான பென் டிரைவைப் பழைய டிஸ்க்கைக் கழற்றுமுன்பே தயார் செய்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ, 2017-க்கு முந்தைய லாப்டாப்களை முறைப்படி ஏற்பதில்லை. அப்படிப்பட்ட லாப்டாப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் நல்லது. கடிதம், கணக்கு, வீடியோ வகுப்பு எல்லாம் நடக்கும், தமிழும் வரும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் வியாபாரக் கணக்கு மென்பொருள்கள் சில விண்டோஸில் மட்டுமே ஓடும். உங்களுக்கு அது தேவையா என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

எப்போது தொடக்கூடாது?

லாப்டாப் மேஜையில் சமமாக உட்காராமல் ஆடுகிறதா? டச் பேட் மேலெழும்பி நிற்கிறதா? பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்தவோ, குத்தவோ, சார்ஜ் போடவோ கூடாது, தீப்பிடிக்கும். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். திரை உடைந்து, விசைப்பலகையும் போய், பேட்டரியும் செத்துவிட்டதானால் மாற்றச் செலவு செய்யாதீர்கள், கட்டுப்படியாகாது.

கழற்றிய டிஸ்க்கை யு.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டால், குடும்பப் படங்களுக்கு ஒரு கூடுதல் பெட்டி கிடைக்கும். அது மட்டுமே ஒரே பெட்டியாக இருக்கக்கூடாது, வயதானது அல்லவா! பழைய பேப்பர்காரரிடம் மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் படங்களும் பாங்க் விவரங்களும் அதற்குள்ளேதான் இருக்கின்றன.

(அடுத்த இதழில்: இன்வர்ட்டர் பேட்டரிக்கு எப்போது தண்ணீர் ஊற்றவேண்டும்?)