அறுபத்து மூன்று விநாடிகளும் ஒரு நெஞ்சுக் கரிப்பும்

மனப்பாடத்தைப் பழிப்பது இலக்கிய நண்பர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. மருத்துவ மேற்படிப்புத் தேர்வுக்குப் பயிலும் பிள்ளைகளைப் பற்றிப் பேச்செழுந்தால் போதும், 'கிளிப்பிள்ளைகள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நிகண்டைக்கூடச் செய்யுளாக்கி நெட்டுருப் போட்ட மரபில் வந்தவர்கள் இதைச் சொல்வது வேடிக்கைதான். மாரடைப்பென்று ஐயம் தோன்றினால் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்ய வேண்டும், ஈ.சி.ஜி.யில் முழு அடைப்பின் அடையாளம் தெரிந்து, பலூன் சிகிச்சை 120 நிமிடத்துக்குள் கிட்டாதென்றால், தடையில்லாதவர்க்கு இரத்த உறைவைக் கரைக்கும் மருந்தைத் தாமதமின்றிச் செலுத்த வேண்டும். நள்ளிரவில் இவற்றை நூலைப் புரட்டித் தேடும் மருத்துவரிடம் நாம் போகமாட்டோம். மனப்பாடம் குற்றமன்று. எதை மனப்பாடம் செய்கிறார்கள் என்பதில்தான் நம் வழக்கு.

முதுநிலை நீட் தேர்வில் 200 வினாக்கள். 2024 முதல் அவற்றை நாற்பது நாற்பதாய்ப் பகுத்து, பகுதிக்கு 42 நிமிடம் தருகிறார்கள். ஆக, வினாவொன்றுக்கு 63 விநாடி. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறினால் ஒன்று கழியும். இந்த வேகத்துக்கு நோயாளியின் கதை உதவாது, குறிச்சொல்தான் உதவும். வினாத்தாளில் வரும் நோயாளி எவ்வளவு ஒழுங்கானவர்! வயதைச் சொல்லி, வலி இடக்கைக்குப் பரவுவதையும் வரிசை பிசகாமல் சொல்லிவிட்டு, நான்கு விடைகளோடு அமைதியாகக் காத்திருப்பார். பூச்சிமருந்து, ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்பாவை, வழியும் உமிழ்நீர் என்றால் அட்ரோபின். அட்டை அத்தோடு முடிந்துவிடும். வார்டிலோ அங்கிருந்துதான் இரவு தொடங்குகிறது. நுரையீரல் தெளியும்வரை ஐந்து நிமிடத்துக்கொரு முறை பார்த்துப் பார்த்து அளவை இரட்டிப்பாக்க வேண்டும். போகட்டும், அழைத்து வந்தவர் 'மருந்தைக் குடிச்சிட்டா' என்றுதான் சொல்வார். நஞ்சுக்கும் மருந்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் நம் பேச்சு எந்த அட்டையிலும் இல்லை.

நம் அண்ணன் மகள் இப்போது இத்தேர்வுக்குப் படிக்கிறாள். ஒரு மாலை அவள் அட்டைகளை நாம் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டோம். மாரடைப்பு வினாக்கள் அனைத்துக்கும் மூச்சு விடுமுன் விடை வந்தது. பிறகு அட்டையில் இல்லாத ஒன்றைக் கேட்டோம்: "'நெஞ்சு கரிக்கி, கை உளையுது, ஒண்ணும் ஓடல' என்று ஒருவர் வந்தால்?"

"அசிடிட்டி, சித்தப்பா" என்றாள்.

"வயது அறுபத்தெட்டு. இருபது வருடமாகச் சர்க்கரை."

அவள் பேசவில்லை. முதியோருக்கும் பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் மாரடைப்பு இப்படி மாற்றுருவில் வரலாம் என்பது அவள் அட்டையிலேயே இருக்கிறது, ஆங்கிலத்தில். அவை அவளுடைய ஆச்சி, நம் தாயார், 2011இல் ஒரு மருத்துவமனையில் சொன்ன சொற்கள். பணியிலிருந்த இளம் மருத்துவர் 'கேஸ்' என்று சொல்லி ஓர் ஊசி போட்டு அனுப்பினார். விடியுமுன் எல்லாம் முடிந்தது. அந்த மருத்துவர் படிக்காதவரென்று நாம் நினைக்கவில்லை. நன்றாகப் படித்தவராகவே இருந்திருப்பார்.

'வட்டார மொழிப் பயிற்சி பாடத்திட்டத்திலேயே இருக்கிறதே' என்பாரும் உளர். 2019இல் வந்த இளநிலைப் பாடத்திட்டத்தின் தொடக்கப் பயிற்சியில் அது இருப்பது உண்மை. மேற்படிப்பின் வாயிலில் நிற்கும் தேர்வு அதைக் கேட்பதில்லை. கேட்காததைப் பிள்ளைகள் திருப்பிப் படிப்பதுமில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதன்மை முறையீட்டை 'நோயாளியின் சொந்தச் சொற்களிலேயே' எழுத வேண்டுமென்பது மருத்துவ மாணவர்க்குச் சொல்லித்தரும் பாலபாடம். அந்தச் சொந்தச் சொற்களை அவர்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள்! எந்த ஆத்தாள் இங்கே ஆங்கிலத்தில் முனகினாள்?

மருத்துவ நூல்கள் முழுவதையும் நாளையே தமிழாக்குக என்று நாம் முழங்கவில்லை. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 1860களில் தமிழிலேயே மேலை மருத்துவம் பயிற்றியதும், மத்தியப் பிரதேசத்தில் 2022இல் இந்தி நூல்கள் வெளியானதும் தனியே பேச வேண்டியவை. நாம் கேட்பது சிறிது. தமிழ்நாட்டில் விற்கும் தேர்வுக் குறிப்புகளில் ஒவ்வொரு நோய்க்கும் எதிரே நெல்லையில், தஞ்சையில், கொங்கில் அதை எப்படிச் சொல்வார்கள் என்று இரண்டு வரி இருக்கட்டும். வாய்மொழித் தேர்வில் ஒரு நோயாளியின் வரலாற்றையாவது அவர் சொன்னபடியே சொல்லச் சொல்லட்டும்.

அந்த இரண்டு வரிகளை எழுதித் தரவேண்டியவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்லர். கி.ரா. தனியாளாகக் கரிசல் சொற்களைத் திரட்டினார். சம்பளம் வாங்கும் தமிழ்த்துறைகளான நாம் உளைச்சலுக்கும் குடைச்சலுக்கும் கடுப்புக்கும் கரிப்புக்கும் உள்ள வேற்றுமையை மாவட்டவாரியாகக் குறித்து எந்த மருத்துவக் கல்லூரியின் கதவைத் தட்டினோம்? உவமை எண்ணி ஆய்வேடு எழுத மாணவரை அனுப்பிக்கொண்டிருக்கிறோம். இந்த ஆண்டு நம்மிடம் வந்திருக்கும் மூவரில் ஒருவரையாவது அரசு மருத்துவமனையின் புறநோயாளர் வரிசைக்கு ஏட்டோடு அனுப்புவதென்று முடிவு செய்திருக்கிறோம். துறைத்தலைவர் இன்னும் கையெழுத்திடவில்லை.