பொன் மருந்தாகுமா?

பொன்னை உண்டால் பிணி போகும் என்பார் ஒரு சாரார். உலோகமெல்லாம் நஞ்சே என்பார் மறு சாரார். எந்த உலோகம், எதனோடு கூடி, எவ்வளவு என்று கேட்பார்தான் அரியர். வேதியியல் பயிலும் நாமாவது கேட்க வேண்டாமா?

1890-இல் செர்மானிய அறிஞர் இராபர்ட் காக், பொன் சயனைடு காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைச் சோதனைக் குழாயில் தடுக்கக் கண்டார். காசநோயாளிகளுக்கோ பொன் கைகொடுக்கவில்லை. முடக்குவாதமும் காசநோய்க்கு உறவோ என்று ஐயுற்ற பிரெஞ்சு மருத்துவர் ழாக் ஃபாரஸ்டியர், பொன் சேர்மத்தை முடக்குவாதத்திற்குக் கொடுத்து 1929-இல் முடிவை வெளியிட்டார். ஐயம் பிழை, மூட்டு அழற்சியோ தணிந்தது! (அறிவியலில் இத்தகைய வேடிக்கைகள் உண்டு.) ஆயினும் ஒருவர் சொல்லோடு உலகம் நின்றுவிடவில்லை. பிரிட்டனில் ஒரு பிரிவினருக்கு முழு அளவும், மறு பிரிவினருக்குப் பெயரளவுக்கு மட்டுமே பொன்னும் ஊசியாகச் செலுத்தி ஒப்பிட்டனர். 1961-இல் வெளிவந்த இறுதி அறிக்கையே பயனை உறுதி செய்தது.

விலையும் சிறிதன்று. வாரம் 50 மில்லிகிராம் ஊசி. பலன் தெரிய மாதங்கள் ஆகும். சிலருக்குத் தோல் தடிப்பு, சிறுநீரில் புரதம், இரத்த அணுக்குறைவு. எனவே சிறுநீரும் இரத்தமும் இடைவிடாது சோதிக்கப்பட்டன. 1985-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த ஆரனோஃபின் வாய்வழி மருந்து. பொன் அணு ஒருகையால் கந்தகத்தையும் மறுகையால் பாஸ்பரசையும் பற்றி நிற்கும் மூலக்கூறு. பின்னர் மெத்தோட்ரெக்சேட் பரவவே, பொன் பின்தங்கியது.

செம்பையும் பாருங்கள். செம்புக் காப்பு முடக்குவாதத்தைத் தணிப்பதில்லை என்று 2013-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. அதே செம்பு இண்டோமெத்தசினோடு அணைவுச் சேர்மமானபோது, ஆஸ்திரேலியாவில் நாய்க்கும் குதிரைக்கும் அழற்சி மருந்தாயிற்று.

நம் சித்த மருத்துவத்திலும் தங்க பற்பம் உண்டு, தாமிர செந்தூரம் உண்டு. பழமை என்று வணங்குவதும் பத்தாம்பசலி என்று நகைப்பதும் எளிது. பிரிட்டனில் பொன்னூசிக்கு வைத்த தேர்வை இவற்றுக்கும் வைக்க வேண்டும் என்பதே என் கட்சி. அதுவரை, சந்தையில் முகவரியற்ற பொட்டலத்தை வாங்கி விழுங்கும் மூட்டுவலிப் பாட்டியின் சிறுநீரகத்திற்கு யார் பொறுப்பு? உப்புப் பகுப்பாய்வில் காரீயத்தையும் செம்பையும் கண்டுபிடித்து மதிப்பெண் வாங்குகிறோமே! அந்தப் பொட்டலங்களில் நான்கை நம் ஆய்வுக்கூடத்து மேசைக்குக் கொண்டுவர ஆசிரியப் பெருமக்கள் இசைவு தரலாகாதா?