கத்திக்கு முன்னும் பின்னும்

நம் நாட்டில் அறுவைச் சிகிச்சை ஒரு நாள் நிகழ்வாகவே கருதப்படுகிறது. எத்தனை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன என்று மருத்துவமனைகள் கணக்குக் காட்டுகின்றன. "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது" என்ற ஒரு வரியில் உறவினர்களும் நிம்மதி அடைகின்றனர். ஆனால், நோயாளி பிழைப்பதும் தேறுவதும் அந்த ஓரிரு மணி நேரத்தை மட்டும் பொறுத்ததல்ல.

உலகில் ஆண்டுதோறும் குறைந்தது 42 லட்சம் பேர் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய 30 நாள்களுக்குள் இறப்பதாக 2019-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பாதிப் பேர் வருவாய் குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியா இதைப் புறக்கணித்துவிட முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை உள்ளது. நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் சர்க்கரை நோயாளிகள் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. ரத்தசோகையும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் சரிசெய்யப்படாமல் கத்தியைச் சந்திக்கும் உடலில் புண் ஆறுவது தாமதமாகும். கிருமித் தொற்றும் எளிதாகும்.

தலைநகர் தில்லியின் எய்ம்ஸ் மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில், பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த நோயாளிகள் குடும்பத்துடன் படுத்துக் கிடப்பது பழகிப்போன காட்சி. பெரிய அரசு மருத்துவமனைகளில், அவசரமற்ற அறுவைச் சிகிச்சைகளுக்குப் பல மாதங்கள் தள்ளித் தேதி தரப்படுவதும் புதிதல்ல. வேதனை என்னவென்றால், அந்தக் காத்திருப்புக் காலம் முழுவதும் வீணாகிறது. நோயாளியின் கையில் தரப்படும் சீட்டில் தேதி இருக்கிறது. அதுவரை அவர் என்ன செய்ய வேண்டும் என்பது இருப்பதில்லை.

செய்யக்கூடியவை அரிதானவையல்ல. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரைகளை முன்கூட்டியே தொடங்கலாம். நான்கு வாரங்களுக்கு முன்பே புகைப்பதை நிறுத்தினால் நுரையீரல் சிக்கல்கள் குறையும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள், நாட்டு மருந்துகள் உள்பட உண்ணும் அனைத்தையும் மருத்துவரிடம் கூறவேண்டும். எதையும் தாமாக நிறுத்தக் கூடாது. நள்ளிரவு முதல் தண்ணீர்கூட அருந்தாமல் கிடக்க வேண்டும் என்ற வழக்கமும் பெரும்பாலோருக்குத் தேவையற்றது. எளிய உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தினால் போதும் என்பதே மயக்கவியல் வழிகாட்டுதல். தனிப்பட்ட மாற்றம் இருப்பின் மருத்துவர் கூறுவார். கூறுவதற்கு அவருக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் பிரச்னை.

எளிய ஒழுங்குகளின் வலிமைக்குத் தில்லியே சாட்சி. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறிமுகப்படுத்திய 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் 8 நகரங்களில் சோதிக்கப்பட்டது. புது தில்லியும் அவற்றில் ஒன்று. அப்பட்டியலைப் பின்பற்றிய பிறகு, இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்ததை 2009-இல் வெளியான முடிவுகள் காட்டின. புதிய கருவியோ மருந்தோ அதற்குத் தேவைப்படவில்லை.

அவசரமும் எண்ணிக்கை வெறியும் எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. 2014 நவம்பரில், சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் அடுத்தடுத்து நோயுற்றனர். அந்த மாவட்ட முகாம்களில் சிகிச்சை பெற்றவர்களில் 13 பேர் உயிரிழந்தனர். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2016-இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது.

2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், அனுமதிக்கு முந்தைய 3 நாள்களுக்கும் வீடு திரும்பிய பின் 15 நாள்களுக்குமான செலவை ஏற்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால், ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிராமத்துக்குத் திரும்பிவிட்டவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, புண்ணில் சீழ் வைத்தாலோ, கால் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ யாரிடம் ஓடுவது? ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வெளியேற்றச் சீட்டு அவருக்கு வழிகாட்டாது.

இதற்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. பச்சிளங் குழந்தையைப் பார்க்க, மருத்துவமனைப் பிரசவத்துக்குப் பின் 42 நாள்களுக்குள் ஆறு முறை வீடு செல்கிறார் ஆஷா பணியாளர். தகுந்த பயிற்சியும் கூடுதல் ஊதியமும் அளித்து, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரையும் முதல் மாதத்தில் இரு முறையேனும் அவர் பார்க்கும்படி செய்யலாம். மருத்துவமனையின் சீட்டு நோயாளியின் தாய்மொழியில், அபாய அறிகுறிகளையும் தொலைபேசி எண்ணையும் தாங்கி வரவேண்டும். காத்திருப்போர் அதிகம், மருத்துவர்கள் குறைவு என்ற வாதம் இதற்குத் தடையாகாது. தொற்றுடன் திரும்பி வரும் ஒவ்வொரு நோயாளியும் காத்திருக்கும் இன்னொருவரின் படுக்கையைத்தான் எடுத்துக்கொள்கிறார்.

எத்தனை பேருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது என்பதோடு, 30-ஆம் நாளில் எத்தனை பேர் நலமாக இருந்தனர் என்பதையும் மருத்துவமனைகள் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்க வேண்டியது அரசின் கடமை.