முகம் தெரியாத தோழர்கள்

நார்வே நாட்டின் தலைநகரம் ஆஸ்லோ. அந்த ஊரில் மாட்ஸ் ஸ்டீன் என்ற வாலிபன் ஒருவன் இருந்தான். 2014-ம் ஆண்டு நவம்பர் மாதம் அவன் காலமானான். அப்போது அவனுக்கு வயது 25.

அவனுக்குப் பிறவியிலேயே ஒரு கொடிய நோய். உடம்பில் உள்ள தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து போகும். அதைக் குணப்படுத்த வழி இல்லை. சிறு பிராயத்திலேயே சக்கர நாற்காலி வந்துவிட்டது. கடைசிக் காலத்தில் விரல்களைத்தான் கொஞ்சம் அசைக்க முடிந்தது.

அந்த விரல்களால் அவன் கம்ப்யூட்டரில் விளையாடினான். ஆண்டுக்கணக்கில் விளையாடினான்.

பெற்றோருக்கு மனவேதனை. மகனுக்கு நண்பர்கள் இல்லை, காதல் இல்லை, நாலு பேருக்கு உதவி செய்யும் வாய்ப்பும் இல்லை என்று எண்ணி வருந்தினார்கள்.

மகன் போன பிறகுதான் உண்மை தெரிந்தது!

வந்தார்கள் தோழர்கள்

மாட்ஸ் தன்னைப் பற்றி இணையத்தில் குறிப்புகள் எழுதி வந்தான். அதே இடத்தில் தகப்பனார் மகனின் மரணச் செய்தியை எழுதினார். உடனே பல நாடுகளில் இருந்து அனுதாபக் கடிதங்கள் வந்தன. சிலர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்.

சவ அடக்கத்துக்கு நேரிலும் வந்தார்கள். டென்மார்க், பின்லாந்து, நெதர்லாந்து முதலிய நாடுகளில் இருந்து வந்தவர்கள் அவர்கள். மாட்சை அவர்கள் ஒரு நாளும் நேரில் சந்தித்தது கிடையாது. ஆனாலும் கண்ணீர் விட்டார்கள்.

யார் இவர்கள்? எல்லோரும் மாட்சுடன் கம்ப்யூட்டரில் விளையாடியவர்கள்!

அந்த விளையாட்டின் பெயர் "வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்". 2004-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. காடு, மலை, நகரம் எல்லாம் கொண்ட ஒரு கற்பனை உலகம். அவரவர் வீட்டில் இருந்தபடியே உலகத்தின் பல மூலைகளில் உள்ளவர்கள் அதற்குள் நுழைந்து ஒன்றாக ஆடலாம். 2010-ம் ஆண்டில் சந்தா கட்டி அதை ஆடியவர்கள் 1 கோடியே 20 லட்சம் பேர்.

அந்த உலகத்தில் மாட்சின் பெயர் இபெலின். வீட்டில் நடக்க முடியாத மாட்ஸ் அங்கே வாட்டசாட்டமான வீரன். தினமும் விளையாட வந்ததும், முதல் வேலையாக அந்த உலகத்தைச் சுற்றி ஓடுவது அவன் வழக்கம்.

"ஸ்டார்லைட்" என்ற குழுவில் அவன் இருந்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு பெண் அவனுடைய தோழி. படிப்பு கெடுகிறது என்று அவளுடைய பெற்றோர் கம்ப்யூட்டரை எடுத்து வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு மாட்ஸ் ஒரு கடிதம் எழுதினான். மகளுக்கு அந்த நட்பு எவ்வளவு அவசியம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னான்.

மாட்சும் எப்போதும் பொறுமைசாலி அல்ல. நோய் முற்றிய காலத்தில் தோழர்களிடமே சிடுசிடுத்தான். மனஸ்தாபம் வந்தது. ஆனால் குழு அவனை உதறிவிடவில்லை. பேசினார்கள். மறுபடியும் ஒன்றானார்கள்.

இந்தக் கதை 2024-ல் ஒரு படமாக வந்து பலரையும் உருக வைத்தது.

ஊர் என்றால் பெயர் உண்டு

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கூட்டு விளையாட்டு என்றாலே வசை, சண்டை, கூச்சல் என்று பல வீடுகளில் புகார். அப்படி இருக்க, அதே விளையாட்டில் இந்தப் பாசம் எப்படி விளைந்தது?

நெடுங்காலமாக ஆடி வரும் பழைய ஆட்டக்காரர்கள் இதற்கு ஒரு காரணம் சொல்லுகிறார்கள். அன்றைக்கு விளையாட்டு ஓர் ஊரைப் போல இருந்தது என்பதே அது.

இந்த வகை விளையாட்டின் முன்னோடி 1978-ல் பிறந்தது. இங்கிலாந்தில் உள்ள எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் டிரப்ஷா அதைத் தொடங்கினார். ரிச்சர்டு பார்ட்டில் அதை வளர்த்தார். படம் கிடையாது. வெறும் எழுத்துத்தான். ஆடியவர்கள் கொஞ்சம் பேர். ஆகவே ஒருவரை ஒருவர் தெரியும்.

வார்கிராப்டும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆட்டக்காரர்கள் பல ஊர்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஒரு பாதாளக் குகைக்குள் போக 5 பேர் வேண்டும். ஒருவர் அடியைத் தாங்குவார். ஒருவர் காயத்தை ஆற்றுவார். மூவர் தாக்குவார்கள். இந்த 5 பேரையும் சொந்த ஊருக்குள்ளேயே கூவிக் கூவித் தேட வேண்டும்.

பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடினால் என்ன ஆகும்? மறுநாள் ஊரெல்லாம் பெயர் கெட்டுவிடும். பிறகு யாரும் கூட்டுச் சேர்க்க மாட்டார்கள். இந்தப் பயம்தான் பலரை ஒழுங்காக நடக்க வைத்தது.

2009-ம் ஆண்டு டிசம்பரில் ஒரு மாறுதல் வந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். எந்த எந்த ஊரில் இருந்தோ 5 பேரை இயந்திரமே சேர்த்துவிடும். தேடும் தொல்லை ஒழிந்தது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் அந்த 5 பேரும் பிரிந்துவிடுவார்கள். மறுபடியும் சந்திப்பது அபூர்வம். ஊராக இருந்தது ரெயில் நிலையக் கூட்டம் ஆகிவிட்டது. கூட்டத்தில் காலை மிதித்தவன் யார் என்று யாருக்குத் தெரியும்?

2019-ம் ஆண்டு ஆகஸ்டில் வார்கிராப்டின் பழைய வடிவத்தை மீண்டும் வெளியிட்டார்கள். அதில் அந்தப் பொத்தான் இல்லை. பழைய ஆட்டக்காரர்கள் திரண்டு வந்தார்கள்!

போக்கிரிகள் அன்றும் உண்டு

அதற்காக, பழைய காலத்தில் எல்லோரும் உத்தமர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1997-ல் "அல்டிமா ஆன்லைன்" என்ற விளையாட்டு வந்தது. அதில் புதிதாக வந்தவர்களைக் கொன்று கொள்ளையடிப்பதையே சிலர் பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள். கடைசியில் 2000-ம் ஆண்டில் அந்த உலகத்தையே இரண்டாக்கினார்கள். இரண்டாவது உலகத்தில், விரும்பாதவரைத் தாக்க முடியாது என்று ஏற்பாடு செய்தார்கள்.

"லீக் ஆப் லெஜண்ட்ஸ்" என்ற விளையாட்டு 2009-ல் வந்தது. 5 பேருக்கு எதிராக 5 பேர் ஆடுவது. ஒருவர் தவறினால் நால்வரும் தோற்க நேரும். அதனால் வாய்க்கு வந்தபடி திட்டுவது பெருகியது. விளையாட்டை நடத்தியவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். எதிர்க்கட்சியுடன் பேசும் வசதியை மூடி வைத்தார்கள். வேண்டும் என்பவர் தாமே திறந்துகொள்ளலாம். பேச்சு நின்றுபோகவில்லை. வசை மட்டும் குறைந்தது!

இதில் இருந்து தெரிவது என்ன? விளையாட்டு மனிதனைக் கெடுப்பதும் இல்லை, திருத்துவதும் இல்லை. பெயரும் உறவும் நிலைத்திருக்கும் இடத்தில் மனிதன் நாவை அடக்குகிறான். யாரும் யாரையும் அறியாத இடத்தில் அவிழ்த்து விடுகிறான். தெருவுக்கு உள்ள நியாயமே திரைக்கும் உள்ள நியாயம். ஆகவே, விளையாட்டை நடத்தும் கம்பெனிகளுக்குப் பொறுப்பு உண்டு. கூட்டத்தைச் சேர்த்தால் மட்டும் போதாது. அதை ஊராகவும் ஆக்க வேண்டும்.

பெற்றோர் கேட்க வேண்டியது

"எவ்வளவு நேரம் விளையாடினாய்?" என்று பிள்ளைகளைப் பெற்றோர் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். தூக்கம் முக்கியம். படிப்பு முக்கியம். கண் முக்கியம்.

அதோடு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். "யாருடன் விளையாடினாய்?"

அந்தக் கேள்வியில் அதட்டல் இருக்கக் கூடாது. பள்ளிக்கூடத் தோழனைப் பற்றி விசாரிப்பது போல இருக்க வேண்டும். அருகில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் பார்த்தாலே பல விஷயங்கள் தெரிந்துவிடும். பிள்ளை யாரையாவது திட்டுகிறதா? யாராவது பிள்ளையைத் திட்டுகிறார்களா? பணம் கேட்பவர், விலாசம் கேட்பவர், படம் அனுப்பச் சொல்பவர் உண்டா? இருந்தால் உடனே விலக்கிவிடலாம். நல்ல தோழன் இருந்தால் அவன் பெயரைத் தெரிந்துகொள்ளலாம்.

ஸ்டார்லைட் குழுவினர் மாட்சை மறக்கவில்லை. அவன் நினைவு நாளில் விளையாட்டு உலகத்தில் கூடினார்கள். அவன் ஓடிய பாதையில் எல்லோரும் சேர்ந்து ஓடினார்கள்.

மகனுக்கு இத்தனை தோழர்கள் என்பது ஆஸ்லோ பெற்றோருக்கு அவன் இறந்த பிறகுதான் தெரிந்தது. மற்றப் பெற்றோர் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியது இல்லை. இன்று இரவு சாப்பாட்டு நேரத்திலேயே கேட்டுவிடலாம்!