மொழிபெயர்ப்பு இயந்திரத்தின் பழுதுகள்

நடிகை பி. சரோஜாதேவி 2025 ஜூலை 14-ந் தேதி பெங்களூரில் காலமானார். மறுநாள் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா அவரது உடலுக்கு இறுதி மரியாதை செலுத்தினார். அந்தச் செய்தி மெட்டா நிறுவனத்தின் சமூக வலைத்தளத்தில் கன்னடத்தில் வெளியாயிற்று. அங்குள்ள மொழிபெயர்ப்பு இயந்திரம் அதைத் தானாகவே ஆங்கிலத்தில் பெயர்த்தது. காலமானவர் முதலமைச்சர் என்று அந்த ஆங்கிலம் சொல்லிற்று! முதலமைச்சரின் ஊடக ஆலோசகர் கே.வி. பிரபாகர் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். மொழிபெயர்ப்பு சீராகும் வரை கன்னடத்துக்கு அந்த வசதியை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. பழுதைச் சரிசெய்துவிட்டதாகவும் கூறியது.

இதைப் படித்துச் சிரித்தவர்கள் பலர். ஆனால் பிழை எப்படி நேர்ந்தது என்று யோசித்தால் தமிழருக்கும் இதில் அக்கறை உண்டு என்பது விளங்கும். "முதலமைச்சர் நேற்று காலமான நடிகையின் உடலுக்கு மரியாதை செலுத்தினார்" என்று நாம் தமிழில் எழுதுகிறோம். கன்னட வாக்கியமும் இதே வரிசையில்தான் வரும். "காலமான" என்ற எச்சம் தனக்குப் பின்னால் வரும் பெயரைத் தழுவுகிறது. ஆங்கிலத்தில் அப்படியல்ல; யாரைப் பற்றிய செய்தியோ அவர் பெயர் முன்னே வரும், விளக்கம் பின்னே வரும். முதலமைச்சரின் பெயரை அடுத்து "காலமான" என்ற சொல்லைக் கண்ட இயந்திரம், முன்னால் இருப்பவரோடு அதை முடிச்சுப் போட்டுவிட்டது. பெயரெச்சத்துக்கும் வினைமுற்றுக்கும் வேற்றுமை தெரிந்த பள்ளிப் பிள்ளை இந்தத் தவறைச் செய்யாது. இன்று கன்னடத்துக்கு நேர்ந்தது நாளை தமிழுக்கும் நேரும். ஏனெனில் இரண்டு மொழிக்கும் வாக்கிய அமைப்பு ஒன்றே.

இது ஒருவகைப் பழுது. இயந்திரம் வேலை செய்தது. ஆனால் தவறாகச் செய்தது. வேறுவகைப் பழுது 2024 நவம்பர் 19-ந் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் இணையதளத்தில் தெரிந்தது. முகப்புப் பக்கம் முழுவதும் ஹிந்தியில் வந்தது. ஆங்கிலத்துக்கு மாற்றலாம் என்றால், மொழியை மாற்றும் பொத்தானும் ஹிந்தியிலேயே இருந்தது! தமிழக முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் உட்படப் பலர் கண்டனம் தெரிவித்தனர். தொழில்நுட்பக் கோளாறு காரணமாக மொழிப் பக்கம் மாறவில்லை என்றும், அது சரிசெய்யப்பட்டுவிட்டது என்றும் கார்ப்பரேஷன் விளக்கம் அளித்தது.

விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வோம். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மொழி மாற்றும் கருவி பழுதானால் எந்த மொழி தோன்றவேண்டும் என்பதை இயந்திரம் முடிவு செய்வதில்லை. தளத்தை அமைத்தவர்கள் முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைக்கிறார்கள். மொழியின் பெயரை அந்தந்த மொழியின் எழுத்திலேயே எழுதினால், வேறு எந்த மொழி திரையில் நின்றாலும் "தமிழ்" என்ற சொல்லைத் தமிழர் கண்டுகொள்வார். "ಕನ್ನಡ" என்பதைக் கன்னடியர் கண்டுகொள்வார். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. இதைக்கூடச் செய்யாமல் கோடிக்கணக்கான பாலிசிதாரர்கள் நாடும் ஒரு தளத்தை நடத்தினார்கள் என்பதே கோளாறு.

மூன்றாவது உதாரணம் ரயில்வேயில் கிடைக்கிறது. ஜார்க்கண்டில் ராஞ்சிக்கு அருகே ஹதியா என்ற ஸ்டேஷன் இருக்கிறது. அங்கிருந்து எர்ணாகுளம் செல்லும் எக்ஸ்பிரஸ் வண்டியின் பெயர்ப் பலகையில் 2024 ஏப்ரலில் மலையாளத்தில் "கொலபாதகம்" என்று எழுதியிருந்தது. ஊரின் பெயர் ஹிந்தியில் கொலையைக் குறிக்கும் சொல்லாக எடுத்துக்கொள்ளப்பட்டு, மலையாளமும் ஆகிவிட்டது. பிறகு அதன்மேல் வர்ணம் பூசி மறைத்தார்கள். ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மொழிபெயர்க்கக் கூடாது என்று குறியிட்டு வைக்க இணையதளங்களில் வழி இருக்கிறது. குறியிடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் காணோம்.

கர்நாடகத் தமிழருக்கு இதில் உள்ள நஷ்டம் வேடிக்கையோடு நிற்பதில்லை. கன்னடம் சரளமாகப் பேசி, கன்னட எழுத்து மட்டும் தெரியாத தமிழர்கள் பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் ஏராளம். அரசின் இணைய சேவைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. இரண்டிலும் படிக்க இயலாதவர் கைப்பேசியில் உள்ள மொழிபெயர்ப்பைத் தட்டிப் பார்க்கிறார். பாலிசியைச் சரண்டர் செய்வதற்கும் போலீசில் சரணடைவதற்கும் வேற்றுமை தெரியாத இயந்திரம் என்ன எழுதுமோ, அதுதான் அவருக்குச் சட்டம். நாமினி என்பவரும் வாரிசு என்பவரும் ஒருவரல்லர். விண்ணப்பத்தில் ஒன்றை மற்றொன்றாகப் பெயர்த்துவிட்டால் குடும்பம் கோர்ட்டுக்குப் போகவேண்டி வரலாம். பிற மொழிப் பக்கங்களில் ஐயம் எழுந்தால் ஆங்கில வாசகமே செல்லும் என்று பல தளங்களின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதாவது, தமிழை நம்பியவர் நஷ்டத்தை ஏற்க வேண்டும். தமிழைக் கொடுத்தவருக்குப் பொறுப்பு இல்லை.

மொழிச் சிறுபான்மையினருக்கான 1956-ம் ஆண்டுப் பாதுகாப்புக் குறிப்பில், ஒரு பகுதியில் 15 முதல் 20 சதவீதம் பேர் ஒரு சிறுபான்மை மொழியைப் பேசினால் முக்கியமான அரசு அறிவிப்புகளையும் விதிகளையும் அம்மொழியிலும் வெளியிடுவது நலம் என்று கூறப்பட்டிருக்கிறது. அந்நாளில் அறிவிப்பு என்றால் அச்சடித்த தாள். இன்று அது இணையப் பக்கம். பிளகின் எனப்படும் துணைக் கருவியை ஒட்டவைத்து, "தமிழ்ப் பொத்தான் இருக்கிறதே" என்று அதிகாரி சொல்லிவிட்டால் கடமை முடிந்ததாகுமா? ஆகாது என்பதே நமது கருத்து. பொத்தானே இல்லாமல் போவதும் உண்டு என்பதை 2021 ஜூனில் பார்த்தோம். தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் பல மொழிகள் சேர்க்கப்பட்டபோது தமிழ் விடுபட்டிருந்தது. ஆட்சேபம் எழுந்த பிறகே சேர்த்தார்கள்.

அப்படியானால் இயந்திரத்தை மூட்டைகட்டி வைத்துவிடலாமா? சில தமிழன்பர்கள் அப்படிச் சொல்கிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. பிரபாகர் கோரியது போலத் தற்காலிகமாக நிறுத்துவது அந்த நேரத்துக்கு நியாயமே. ஆனால் நிரந்தரமாக நிறுத்தினால் நஷ்டம் யாருக்கு? ஆங்கிலம் படித்தவருக்கு ஒரு குறையும் வராது. படிக்காதவருக்கு இருந்த அரைகுறை வெளிச்சமும் போய்விடும்.

செய்ய வேண்டியது, பழுது எங்கே என்று பிரித்துப் பார்ப்பது. சில வாசகங்கள் இயந்திரத்தின் கைக்கே போய்ச் சேருவதில்லை. படமாக ஒட்டிய சுற்றறிக்கையைச் சாதாரணப் பிளகின் படிக்காது. யூனிகோடு பரவுவதற்கு முன்பு பழைய எழுத்துருக்களில் ஏற்றிய தமிழ்ப் பக்கங்களும் அப்படியே. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது இயந்திரத்துக்கு ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். இவற்றைத் திரும்பத் தட்டச்சு செய்வதோ, ஒருமுறை முறையாக மாற்றுவதோ தவிர வேறு வழியில்லை. சில சமயம் வாசகம் போகிறது, பதில் வருவதில்லை. மொழிபெயர்ப்புச் சேவைக்குக் கட்டவேண்டிய தொகை கட்டப்பட்டிருக்காது. அல்லது அன்றைய வரம்பு தீர்ந்திருக்கும். இது என்ஜினீயர் பார்த்து முடிக்கும் வேலை. இன்னொரு கோளாறு பலர் கண்ணில் படுவதில்லை. மூலத்தைத் திருத்திய பிறகும், சேமித்து வைத்த பழைய மொழிபெயர்ப்பையே தளம் காட்டிக்கொண்டிருக்கும். கடைசித் தேதி கன்னடப் பக்கத்தில் நீட்டிக்கப்பட்டிருக்க, தமிழ்ப் பக்கம் காலம் கடந்துவிட்டது என்று சொல்லி விண்ணப்பதாரரைத் திருப்பி அனுப்பிவிடும்.

இவை யாவும் சரியாகி, மொழிபெயர்ப்பே தவறானால் அதை என்ஜினீயர் சரிசெய்ய முடியாது. இரு மொழியும் படித்தவர் ஒருவர் உட்கார்ந்து வாசித்தாக வேண்டும். தளத்தில் உள்ள எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லவில்லை. விண்ணப்பப் படிவம், கடைசித் தேதி, கட்டணம், தகுதி விதி, உயிரும் உடைமையும் சம்பந்தப்பட்ட அறிவிப்பு ஆகியவை மனிதக் கண் படாமல் வெளியாகக் கூடாது. மற்றவற்றில் "இது இயந்திர மொழிபெயர்ப்பு" என்று பக்கத்தின் தலையில் தெளிவாகப் போட்டு, மூல வாசகத்தைப் பார்க்கும் வழியையும் அருகிலேயே வைக்கலாம். கன்னடமும் தமிழும் நன்கு கற்ற ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற ஊழியர்கள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். மாவட்டத்துக்கு இருவரை மதிப்பூதியத்தில் அமர்த்துவது கருவிகளுக்குச் செய்யும் செலவை நோக்கச் சிறிய தொகையே.

முதலமைச்சர் அலுவலகத்தின் கடிதத்துக்கு உலகப் பெரும் நிறுவனம் சில நாட்களில் பதில் சொல்லிற்று. தங்கவயலில் உள்ள பென்ஷன்காரர் ஒருவர் தம் படிவத்தில் இருக்கும் பிழையை யாரிடம் சொல்வது? ஒவ்வொரு மொழிபெயர்ப்புப் பக்கத்திலும் பிழையைத் தெரிவிக்க ஒரு கட்டமும், பொறுப்பு அதிகாரியின் பதவியும், அலுவலகத் தொலைபேசி எண்ணும் இருக்கவேண்டும். அந்தக் கட்டத்தில் தமிழிலேயே எழுத இடம் கொடுக்கவேண்டும். பிழை திருந்தும் வரை அந்தப் பக்கத்தை நம்பி விண்ணப்பித்தவரின் மனுவைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று மாநில அரசு உத்தரவிட வேண்டும்.