திரும்பி வந்த பார்சலும் நெசவாளர் கூலியும்

இணையச் சந்தையின் வாயிலாக அனுப்பிய கைத்தறிச் சேலை, பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பிரிக்கப்படாமலே சங்கத்தின் வாசலில் வந்து இறங்குவதை நம் அங்கத்தினர் பலர் கண்டிருப்பர். ஆர்டர் கொடுத்தவர் மனம் மாறியிருப்பார். அல்லது கூரியர்காரர் வந்த வேளையில் கையில் பணமில்லை என்றிருப்பார். போக்குவரத்துச் செலவு இருமுறை நம் தலையில் விழுகிறது. பண்டிகைக்கென அனுப்பிய சேலை பண்டிகை கழிந்து திரும்பினால், அடுத்த ஆண்டு வரை அது அலமாரியிலேதான்.

இந்த நஷ்டத்தில் ஒரு பகுதியை நெய்தவரின் கூலியில் பிடித்தம் செய்யலாமென்று ஒரு சங்கத்தில் யோசனை எழுந்திருப்பதாக அறிகிறோம். இதனை வன்மையாக மறுக்கிறோம். பாவு பிணைத்து, நாடா ஓட்டி, குறைவின்றி நெய்து ஒப்படைத்த அன்றே நெசவாளரின் கடமை நிறைவேறிற்று. விற்பது சங்கத்தின் பொறுப்பு. சரக்கு விலைபோகவில்லை என்று சொல்லிக் கூலியைக் குறைத்த தனி வியாபாரிக்கு அஞ்சியன்றோ நம் முன்னோர் சங்கம் கண்டனர்?

நஷ்டத்தைத் தடுக்கும் வழி வேறு. முன்னாளில் வி.பி.பி. பார்சல்களும் இப்படித் திரும்பியதுண்டு. அதனாலேயே ஆர்டருடன் முன்பணம் அனுப்புமாறு விலைப்பட்டியலில் அச்சிடும் வழக்கம் இருந்தது. அவ்வழக்கத்தை நாம் ஏன் கைவிட்டோம் என்பது விளங்கவில்லை. கைபேசியிலேயே பணம் செலுத்தும் வசதி பெருகிய இக்காலத்தில் முன்பணம் கேட்பது அவமரியாதை ஆகாது. விரும்பிய நிறத்தில் நெய்து கேட்போரிடம், சாயத்தில் நூலை நனைக்கும் முன்பே பாதிப் பணமேனும் பெற வேண்டும். அந்நிறம் வேறொருவருக்குப் பிடிக்குமென்பது நிச்சயமன்று. இருப்பிலுள்ள சேலையாயின், அனுப்புமுன் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொண்டாலே போதும். மஞ்சள் தூளும் வெல்லமும் விற்கும் விவசாய அன்பர்களுக்கு இது இன்னும் அவசியம். முத்திரை உடைந்த பொட்டலத்தை மறுபடி விற்க இயலாது.

சட்டம் இல்லாமலில்லை. தகுந்த காரணமின்றிச் சரக்கை ஏற்க மறுப்பவர்மீது விற்றவர் நஷ்டஈடு கோரி வழக்கிடலாமென்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 56ஆம் பிரிவில் கூறுகிறது. ஆயினும் ஒரு சேலைக்காக வெளியூர் வாடிக்கையாளர்மீது வழக்குத் தொடுப்பது சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்ற கதையாகும். அவர் பெயரை ஊரறியத் தூற்றுவதும் நமக்கு அழகன்று. கணக்கில் குறித்து வைத்துக்கொண்டு, மறுமுறை முழுப்பணம் பெற்ற பின்பே அனுப்பினால் போதும்.

நம் பக்கத்துக் குறையையும் மறைத்தலாகாது. விளக்கொளியில் படமெடுத்து, அரக்கு நிறத்தைச் செந்நிறமாகக் காட்டினால் சேலை திரும்பாமல் என்ன செய்யும்? விளம்பரத்தில் கண்டதற்கு மாறான பொருளையும், சொன்ன நாளுக்குப் பிந்தி வந்த பொருளையும் விற்பவர் திரும்பப் பெற மறுக்கலாகாதென்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. அத்தகைய பார்சலுக்கு வாங்கியவரை நோவது முறையன்று.

கூலிப் பிடித்தத் தீர்மானம் எந்தப் பொதுக்குழுவிற்கேனும் வருமாயின், அங்கத்தினர் முதலில் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்: திரும்பிய சேலைகளுள் முன்பணம் பெற்று அனுப்பியவை எத்தனை, பெறாமல் அனுப்பியவை எத்தனை?