கையெழுத்துக்கு மட்டுமா பெற்றோர்?

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் பிணைத்து நெய்ய ஒருவர் கை போதாது. மறுபுறம் நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரருக்கு இதை நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் அவர் வீட்டுப் பிள்ளைக்குக் காது கேளாவிட்டால், மூளை முடக்குவாதத்தால் கை கால் வழங்காவிட்டால், அந்தப் பிள்ளையின் படிப்புக்கு மட்டும் ஒரு கை போதுமாம்! திட்டத்தை எழுதி முடித்துவிட்டு, "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்றால் பெற்றோர் கடமை தீர்ந்ததாம்! இது எந்த ஊர் நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். 2012-இல் வந்த திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளையும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சேர்த்தது. ஆகவே அவர்களுடைய பெற்றோருக்கும் அக்குழுவில் உரிய இடம் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்துகொள்ளும் உரிமையும் அதில் உண்டு.

ஏட்டில் உரிமை இருக்கிறது. ஆனால் குழுவில் நாற்காலி கிடைப்பது வேறு. தன் பிள்ளைக்குத் தனித் திட்டம் தீட்டும்போது அருகே அமர்ந்து பேசுவது வேறு. அமெரிக்கா 1975-லேயே, தனிக் கல்வித் திட்டக் கூட்டத்தில் பெற்றோருக்கும் இடம் உண்டு என்று சட்டம் செய்துவிட்டது. நாம் ஏன் தயங்கவேண்டும்?

"படிக்காதவர்களுக்குக் கல்வித் திட்டம் என்ன புரியும்?" என்று கேட்கிறார்கள் சில மேதாவிகள். எந்தச் சத்தத்துக்குப் பிள்ளை மிரளும், எந்த விரலால் பிடிக்கும், எப்போது களைக்கும் - இதை எந்தக் கல்லூரி கற்றுத் தருகிறது? பெற்றவள் அறிவாள். சென்னையில் 1985-இல் தொடங்கி, இன்று வித்யாசாகர் என்று வழங்கும் நிறுவனத்தைத் தோற்றுவித்த பூனம் நடராஜன், மூளை முடக்குவாதம் கொண்ட ஒரு குழந்தையின் தாய். ஆசிரியரின் பயிற்சியை நாம் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பயிற்சியும் தாயின் பட்டறிவும் கோர்வையாகட்டும் என்கிறோம்.

பெற்றோர் வராததற்கு அக்கறையின்மை காரணமன்று. தறி நின்றால் கூலி நின்றது! வேலை நேரத்தில் கூட்டத்தை வைத்துவிட்டு, "அழைத்தோம், வரவில்லை" என்று குறிப்பெழுதுவது எளிது.

சிறப்பாசிரியர்தான் என்ன செய்வார்? 2021-இல் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று அளவு வகுத்தது. பல பள்ளிகளுக்கு ஒரே ஆசிரியர் ஓடிக்கொண்டிருந்தால், பெற்றோரிடம் அமர்ந்து பேச நேரமேது? அந்த அளவு நிறைவேற வேண்டும் என்பது பெற்றோரின் கோரிக்கையுமாகும்.

நாம் கேட்பவை மூன்று. கூலி கெடாத நேரத்தில் கூட்டம் வையுங்கள். திட்டத்தை எளிய தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டி, படி ஒன்றைப் பெற்றோர் கையில் கொடுங்கள். பருவத்துக்கு ஒருமுறை, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அவர்களோடு அமர்ந்து திருத்துங்கள்.

தோழர்களே! உங்கள் தெருவில் அப்படியொரு பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா? கதவைத் தட்டுங்கள். வட்டார வள மையத்துக்குப் பெற்றோருடன் துணைக்குச் செல்லுங்கள். மேலாண்மைக் குழுத் தேர்வில் அந்தத் தாயை முன்னிறுத்துங்கள். கூலி உயர்வுக்குக் கூடி நிற்கத் தெரிந்த நமக்கு, ஒரு குழந்தையின் எழுத்துக்காகக் கூடி நிற்கத் தெரியாதா?